மடிக்கணினியில் கருந்துளை ஜெட்டை மாதிரியாக்க முடியுமா? ஓட்டம் ஏன் பாதியில் நின்றுபோகிறது?

முடியும். பேராதனையில் இறுதியாண்டு ஆய்வுக்காக, ஹட்டன் வீட்டில் இருந்தே எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையிலிருந்து பாய்வது போன்ற ஒரு ஜெட்டை (துருவங்களின் வழியே பாயும் பிளாஸ்மாத் தாரையை) ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். துருவத்தை ஒட்டிய பகுதி கட்டம் கட்டமாகத் தெரிந்து, பிறகு நிரல் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிரலைத் தொடுவதற்கு முன் கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன விடை வர வேண்டும் என்று தெரியாமல் ஓட்டினால் பிழையைப் பிழை என்று அடையாளம் காண முடியாது.

1977 இல் பிளான்ட்ஃபோர்ட், ஸ்நாயெக் என்ற இரு வானியற்பியலாளர்கள் காட்டியபடி, ஜெட்டின் வலு இரண்டு அளவுகளின் வர்க்கங்களுக்கு விகித சமமானது. ஒன்று கருந்துளையை ஊடுருவும் காந்தப் பாயம், மற்றது நிகழ்வெல்லையின் (ஒளியும் திரும்ப முடியாத எல்லையின்) கோண வேகம். சுழற்சி எண் (சுழலாத கருந்துளைக்கு 0, உச்ச வேகத்துக்கு 1) 0.9 என்றால் நிகழ்வெல்லையின் ஆரை 1 + √(1 − 0.81) = 1.436 ஈர்ப்பு ஆரை. ஈர்ப்பு ஆரை என்பது கருந்துளையின் திணிவால் அமையும் நீள அலகு, கீழே வரும் ஆரைகளெல்லாம் இதில்தான். சுழற்சி எண்ணை இந்த ஆரையின் இரு மடங்கால் வகுத்தால் கோண வேகம் 0.313. உள்ளே விழும் திணிவின் வீதத்தால் அளவாக்கிய பாயம் 50 என்று வையுங்கள். காந்தப் புலம் நிரம்பித் தேங்கிய நிலையில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். 0.044 × 50² × 0.313² ÷ 12.57 = 0.86. இதில் 0.044 புலத்தின் வடிவைப் பொறுத்த மாறிலி, 12.57 என்பது 4π. வேகமான சுழற்சிக்கான திருத்தத்தோடு ஏறத்தாழ 0.9, அதாவது விழும் திணிவுச் சக்தியில் 90 சதவீதம் ஜெட்டாக வெளியேறுகிறது. சுழற்சி 0.5 ஆனால் இதுவே 16 சதவீதம்தான். சுழற்சி 0.99 ஐ எட்டினால் 100 ஐயும் தாண்டும். மிகுதிச் சக்தி கருந்துளையின் சுழற்சியிலிருந்து வருகிறது, காப்பு விதி எதுவும் உடையவில்லை.

அலகில் கவனம். பெரும்பாலான நிரல்கள் √12.57 ஐக் காந்தப் புலத்துக்குள்ளேயே விழுங்கிவிடும். அங்கே 50 என்பது 14 என்று தெரியும். அந்த 14 ஐ மேலுள்ள சூத்திரத்தில் போட்டால் வலு 12.57 மடங்கு குறைந்துவிடும்.

தொடங்குவதற்கு 2003 இல் வெளிவந்த ஹார்ம் (HARM) என்ற நிரல் நல்லது. சி மொழியில் எழுதியது, இரு பரிமாணம், வாசித்து விளங்கக்கூடிய அளவு. தொடக்க நிலையாக, கருந்துளையைச் சுற்றும் வாயு வளையமான ஃபிஷ்போன்–மொன்கிரீஃப் வளையத்தின் உள் ஆரை 6, அமுக்கம் உச்சமாகும் ஆரை 12, சுழற்சி 0.9375, வாயு அமுக்கம் காந்த அமுக்கத்தைப் போல் 100 மடங்கு, உட்சக்தியில் 4 சதவீதம் அளவில் எழுமாறான சலனம். ஆள்கூறு, நிகழ்வெல்லையிலும் சீராக இருக்கும் கேர்–ஷில்ட் ஆகவே இருக்கட்டும். போயர்–லின்ட்குவிஸ்ட் ஆள்கூறு நிகழ்வெல்லையில் முடிவிலிக்குப் போய் நிரலை உடைத்துவிடும். நிகழ்வெல்லைக்கு உள்ளே ஐந்து கலங்களாவது விடுங்கள். 128×128 வலையை மடிக்கணினி தாங்கும். 256×256 ஆக்கினால் கலங்கள் நான்கு மடங்கு, காலப் படி பாதி, ஆகவே வேலை எட்டு மடங்கு. மீள்தொடக்கக் கோப்பை அடிக்கடி எழுத விடுங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேரத்து இடிமின்னலில் கரண்ட் போகும் ஊரில் இது கட்டாயம்.

இனி உங்கள் ஓட்டம் ஏன் நிற்கிறது என்பது. வளையத்துப் பிளாஸ்மா காந்தக் கோடுகளைக் குறுக்கே தாண்ட முடியாததால், துருவத்தின் மேலுள்ள புனல் வெறுமையாகிறது. அங்கே காந்தச் சக்தி மலையளவு, உட்சக்தி துளியளவு. நிரலோ மொத்தச் சக்தியையும் உந்தத்தையும்தான் காலத்தில் நகர்த்துகிறது. அடர்த்தியையும் அமுக்கத்தையும் ஒவ்வொரு படியிலும் அவற்றிலிருந்து திருப்பிக் கண்டுபிடிக்கிறது. காந்தச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வழு வந்தாலும் அது உட்சக்தியை விடப் பெரிது. அமுக்கம் மறையாகிறது, தீர்வு ஒருங்காமல் போகிறது, எண்ணே அல்லாத ஒரு பெறுமானம் பக்கத்துக் கலங்களுக்கும் பரவுகிறது. நீங்கள் காணும் கட்டங்கள் இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அடர்த்திக்கு ஒரு கீழ்மட்டம் வையுங்கள்: 0.0001 ஐ ஆரையின் 1.5 ஆம் அடுக்கால் வகுத்த அளவு. காந்தச் சக்திக்கும் திணிவுச் சக்திக்கும் உள்ள விகிதம் 50 ஐத் தாண்டாமலும் பாருங்கள். தீர்வு தவறிய கலத்துக்கு அயல் கலங்களின் சராசரியை இடலாம். காலப் படியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் கூரன்ட் எண் 0.9 என்றால் 0.5 ஆக்குங்கள். தவறிய கலங்களைப் படமாக வரைந்து பாருங்கள்: புனலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் பரவாயில்லை, வளையத்துக்குள் என்றால் தொடக்க நிலையே பிழை.

இந்தக் கீழ்மட்டம் சும்மா வருவதல்ல, இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஜெட்டுக்குள் இருக்கும் திணிவு நீங்கள் இட்ட திணிவு. ஆகவே வெளியேறும் சக்திப் பாயத்தை நம்பலாம். ஆனால் லோரன்ஸ் காரணியையும் (ஜெட் ஒளிவேகத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதன் அளவு) ஜெட்டின் வெப்பநிலையையும் அறிக்கையில் முடிவாக எழுதக் கூடாது. ஒளிப்படம் கணிக்கும்போது காந்தச் சக்திக்கும் திணிவுச் சக்திக்கும் உள்ள விகிதம் 1 ஐத் தாண்டிய பகுதியை ஆய்வாளர்கள் வெட்டி விடுவதும் இதனால்தான். கீழ்மட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள். எது மாறுகிறதோ அது பௌதிகவியல் அல்ல.

வெளி எல்லை 40 இல் இருந்தால் ஜெட் முடுகுவதைப் பார்க்கவே முடியாது. ஆரை மடக்கை அளவில் பிரிக்கப்படுவதால் 1000 வரை நீட்ட ஏறத்தாழ இரு மடங்கு கலங்களே போதும்.

இரு பரிமாணத்தில் கொந்தளிப்பு தன்னைத்தானே புதுப்பிக்காது, அச்சுச் சமச்சீரான ஓட்டம் காந்தப் புலத்தைத் தொடர்ந்து பேண முடியாது என்ற கோலிங்கின் தேற்றம் அதைத் தடுக்கிறது. 2000 கால அலகுக்குப் (ஓர் அலகு, ஒளி ஓர் ஈர்ப்பு ஆரையைக் கடக்கும் நேரம்) பிந்திய தரவை விட்டுவிடுங்கள். எம்87 கருந்துளையின் திணிவு 650 கோடி சூரியன் என்பதால் ஓர் அலகு ஏறத்தாழ 9 மணித்தியாலம். 2000 அலகு இரண்டு ஆண்டுக்குச் சற்று அதிகம். பாயம் 50 இல் தேங்கும் நிலைக்கு உள் ஆரை 20, உச்ச ஆரை 41 கொண்ட பெரிய வளையமும் முப்பரிமாணமும் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தில் கணினி நேரம் கேளுங்கள்.

எல்லாம் ஓடியதும் சுழற்சியைப் பூச்சியமாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். புனலில் மின்காந்தச் சக்தி வெளியேறுவது கிட்டத்தட்ட நின்றுபோக வேண்டும். அப்போதும் வலுவான ஜெட் தெரிந்தால், கீழ்மட்டம் ஊட்டிய சக்தியையோ வளையத்தின் காற்றையோதான் நீங்கள் அளக்கிறீர்கள்.