வீட்டுக்குப் பின்னால் உள்ள மர டெக் (பலகை பதித்த திறந்த மேடை) ஈரத்தில் இற்றுப்போகாமல் இருக்க, வருடாவருடம் பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. டொராண்டோ பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டில், முன்பு இருந்தவர்கள் டெக்குக்குக் கெட்டியாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பார்க்கப் புதிது போலவே இருந்தது. மூன்றாம் வருடம் ஏப்ரலில் பனி கரைந்ததும், கதவை ஒட்டிய பலகை காலுக்கடியில் அமுங்கியது. கழற்றிப் பார்த்தால், வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டிருந்த சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் அரை அங்குலம் சுலபமாக இறங்கியது. டெக்கின் ஒரு பக்கப் பாரம் முழுவதும் அந்தச் சட்டத்தின் மேல்தான். பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது.

நனைந்த மரம் காய்ந்துவிட்டால் கவலையில்லை. மரத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை இற்கவைக்கும் பூஞ்சை வளராது. பெயிண்டில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும், ஆனால் சீக்கிரம் காயாது. சுவரோரச் சட்டம், பலகை இடுக்கில் சேரும் இலைக்குப்பை, அப்புறம் பலகையின் வெட்டுமுனை, இவைதான் முதலில் கெடும் இடங்கள். வெட்டுமுனை என்பது ஒரு கட்டு உறிஞ்சுகுழல் மாதிரி, தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சட்டத்தை மாற்றி, சுவரில் வழியும் தண்ணீர் அதில் இறங்காதபடி அதன் தலைமேல் தகடு மடித்து, தகட்டின் மேல்விளிம்பைச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் செருகினோம். நான் செய்ததில் இதுதான் முக்கியமான வேலை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன். உங்கள் டெக் 2004க்கு முன் கட்டியது என்றால் மரத்தைப் பதப்படுத்த ஏற்றிய ஆர்செனிக் என்ற நச்சு அதில் இருக்கலாம், அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். புதிய பதப்படுத்திய மரத்தில் செம்பு அதிகம், சாதாரண ஆணியை அரித்துவிடும். துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள்.

பெயிண்டுக்குப் பதில், மரத்துக்குள் ஊறும் எண்ணெய் ஸ்டெயின் அடிக்கிறேன். எப்போது அடிப்பது என்று மரமே சொல்லும். நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் அந்த வருடம் வேண்டாம். உறிஞ்சினால், இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு அடிக்கலாம். வெட்டுமுனைக்கு மட்டும் இரண்டு முறை.

ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.