முட்டி உயரத்தில் 170 கிலோ: தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பேன். இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்டில், அதாவது பிளேட் (எடைத் தட்டு) மாட்டிய பாரைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்பதில், 120 கிலோ தூக்குவேன். 130 வைத்தால் பார் தரையை விட்டே கிளம்புவதில்லை. அதனால் ஜிம் மாஸ்டர், ராக்கில் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பாரை முட்டி உயரத்துக்கு ஏற்றி வைத்து அங்கிருந்து தூக்கச் சொன்னார். மூன்றே வாரத்தில் 170 கிலோவுக்கு வந்துவிட்டேன். "உடம்பு கனத்துக்குப் பழகினால் முழுசாகத் தூக்குவது தானாக வரும்" என்கிறார். ஆனால் மறுநாள் காலையில் இடுப்பு இறுகிப்போகிறது. வலது பிட்டம் வரை ஓர் இழுப்பு. போன மாதம் அலுவலக முகாமில் பிபி 138/88 என்றார்கள். இதைத் தொடரலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு நிறுத்துங்கள். குறைந்தது மூன்று வாரம். அரைத் தூரத் தூக்கல் கெட்ட பயிற்சி என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்கள் இடுப்பு ஏதோ சொல்ல வருகிறது, அதை முதலில் கேட்டுவிடுவோம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுகி, நடமாட நடமாட விட்டு, இரண்டு நாளில் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் தசை அலுப்புதான். ஒரு பக்கமாகப் பிட்டத்துக்கு இறங்கும் இழுப்பை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். செருப்பில்லாமல் குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடங்கள். அப்புறம் நுனிக்காலில் பத்து அடி. வலது பாதம் தொய்கிறதா, இடதைவிடச் சீக்கிரம் தளர்கிறதா என்று கவனியுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் வலி சுரீரென்று காலுக்குள் இறங்குகிறதா? முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிறதா? இதில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ நேரில் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பாரைத் தொட வேண்டும். சிறுநீர் பிரிவதில் சிரமம், உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது, இரண்டு கால்களிலும் பலவீனம் என்றால் மறுநாள் வரைகூடக் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, 170 கிலோ எப்படி வந்தது? மண்டியில் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் பிடித்து முதுகில் ஏற்றிவிட, ஒருவர் நூறு கிலோ மூட்டையோடு விறுவிறுவென்று நடப்பார். அதே மூட்டையைத் தரையிலிருந்து தனியாக எடுக்கச் சொன்னால் அவருக்கும் கஷ்டம்தான். ஏற்றிவிட்ட பிறகு சுமப்பது வேறு, கீழிருந்து எழுப்புவது வேறு. ராக் உங்களுக்குச் செய்வதும் அந்த ஏற்றிவிடும் வேலையைத்தான். பார் முட்டி உயரத்தில் இருக்கும்போது உடம்பு பாதி நிமிர்ந்தாகிவிட்டது. இடுப்பும் முழங்காலும் அதிகம் மடங்கத் தேவையில்லை, கடினமான பகுதியைத் தாண்டிய பிறகே நீங்கள் தொடங்குகிறீர்கள். மூன்று வாரத்தில் யாருக்கும் 50 கிலோ அளவுக்குப் பலம் கூடிவிடாது. கூடியது எடை, குறைந்தது தூரம். ஆனால் உங்கள் விரல்களும் தோளும் முதுகெலும்பும் தாங்குவது முழு 170 கிலோவை. அதோடு, உச்சியில் போய் இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கும் பழக்கம் இந்தப் பயிற்சியில் பலருக்கு வந்துவிடும். அப்போது முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் நெரிபடும். உங்கள் காலை நேர இறுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நேராக நின்றாலே போதும்.

மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை. கனமான பார் கையில் இருக்கும் உணர்வு பழகும், பயம் போகும், பிடி உறுதியாகும். ஆனால் தசை எந்தக் கோணத்தில் உழைக்கிறதோ, அந்தக் கோணத்தையும் அதை ஒட்டிய இடத்தையும்தான் பலம் பெரிதும் சேரும். உங்களுக்குத் தடை இருப்பது தரையில். பயிற்சி நடப்பது முட்டியில். முட்டிக்கு மேலே மாட்டிக்கொள்பவருக்கு இதே பயிற்சியை நானே சொல்வேன். உங்களுக்கு இது வேறு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஆகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழு 12 வாரம் ஆழமாக உட்கார்ந்து ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) செய்தது, இன்னொரு குழு மேலோட்டமாக உட்கார்ந்து செய்தது. முன்தொடைத் தசை கூடுதலாக வளர்ந்தது ஆழமாக உட்கார்ந்தவர்களுக்குத்தான்.

இந்தப் பயிற்சியின் பழைய வடிவம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் தங்கம் வென்ற அமெரிக்கர் பால் ஆண்டர்சன், தரையில் குழி வெட்டி, அதற்குள் நின்று ஸ்குவாட் செய்ததாகச் சொல்வார்கள். குழியில் நிற்பதால் பார் உயரத்தில் இருக்கும். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் போதும். பிறகு குழிக்குள் சிறிது சிறிதாக மண்ணைப் போடுவார். எடை அதேதான், தரை உயர உயர, அதே எடையோடு இன்னும் ஆழமாக உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். கடைசியில் முழுத் தூரமும் கைவந்துவிடும். உங்கள் ஜிம்மில் நடப்பது இதற்கு நேர் எதிர். பார் நின்ற இடத்திலேயே நிற்க, பிளேட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: முதல் மூன்று வாரம் ராக் பக்கமே போக வேண்டாம். இடுப்பு இழுப்பு முழுக்க விட்ட பிறகு, தரையிலிருந்து 80 கிலோவில் ஐந்து ரெப் (ஒரு ரெப் என்பது ஒரு முறை தூக்குவது), அப்படி மூன்று செட் (சுற்று). பார் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழும்பியதும் இரண்டு விநாடி அங்கேயே நிறுத்தி, பிறகு மேலே போங்கள். சொல்ல எளிது, செய்தால் வியர்த்துவிடும். நீங்கள் தடுமாறும் இடமே அதுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து ராக்குக்கு வரலாம், ஆனால் 130 கிலோவோடு. பாரின் உயரத்தை மாற்ற ராக்கின் தூணில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். முட்டிக்குச் சற்றுக் கீழே தொடங்கி, வாரம் ஒரு ஓட்டை பாரை இறக்குங்கள். பெரிய பிளேட்டின் குறுக்களவு 45 செ.மீ. என்பதால், தரையில் பார் நிற்கும் உயரம் 22.5 செ.மீ. உங்கள் முட்டியிலிருந்து அங்கே இறங்க ஏறக்குறைய ஐந்து ஓட்டை இருக்கும். வாரம் ஒரே நாள், முழு டெட்லிஃப்டுக்குப் பிறகு, மூன்று ரெப்பில் இரண்டு செட் போதும். ஒரு ஓட்டையில் முதுகு வளைந்தால் அடுத்த வாரமும் அதே ஓட்டைதான். தசை சில வாரங்களில் தேறிவிடும்; தசையை எலும்போடு இணைக்கும், ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்கள் தேற அதைவிட நாளாகும். அவசரப்பட்டால் அடிபடுவது அவைதான்.

பிபியைக் கடைசியில் எழுதுகிறேன் என்பதால் அது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சை அடக்கிப் பெரிய எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் எங்கே போகும் தெரியுமா? 1985-ல் கனடாவில், உடற்பயிற்சி செய்துவந்த ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் (இயந்திரத்தில் எடையைக் காலால் தள்ளுவது) செய்யும்போது உச்ச அளவு சராசரியாக 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. எடையை விட்ட சில விநாடிகளில் இறங்கிவிடும், நல்ல ரத்தக்குழாய் அதைத் தாங்கும். உங்களுடையது ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, காபிக்கு முன்பே அளந்து எழுதி வையுங்கள். ஜிம்மிலிருந்து வந்த கையோடு அளக்காதீர்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அவர் பார்க்கும் வரை மிகக் கனமான எடை எதுவும் வேண்டாம். ஒரு ரெப்புக்கு மேல் மூச்சை அடக்காமல், கடினமான இடத்தைத் தாண்டியதும் வாய்வழியாக விட்டுவிடுங்கள். தூக்கும்போது திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியோ நெஞ்சு வலியோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, 170 கிலோவுக்கு நிச்சயம் ஸ்ட்ராப் (பிடி நழுவாமல் மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டியிருப்பீர்கள். 130-க்குக் கட்ட வேண்டாம். விரல் நழுவுகிற இடத்தில் அன்றைய செட்டை முடித்துக்கொள்ளுங்கள்.