சனிக்கிழமை ஆராதனை – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் குழு அக்டோபரில் நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போகிறது. பன்னிரண்டு பேர், பத்து நாள். காத்மாண்டுவிலிருந்து எட்டு மணி நேரம் மலைப்பாதையில் போனால் ஒரு சின்ன சபை. ஆலயத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், ஞாயிறு ஆராதனையில் எங்கள் பாடகர் குழு என்று திட்டம். செலவு ஒன்பது லட்சம். அதில் ஆறரை லட்சம் எங்கள் டிக்கெட்டுக்கும் தங்குவதற்குமே போகிறது. "அந்தக் காசை அனுப்பினால் அவர்களே வெள்ளையடித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று அப்பா கேட்டார். போதகரிடம் இதைச் சொன்னேன். விசுவாசக் குறைவு என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

நிரலைத்தான் முதலில் படித்தேன். ஒன்பதாம் நாளில் 'ஞாயிறு காலை ஆராதனை' என்று இருக்கிறது. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. சபைகளும் பெரும்பாலும் சனிக்கிழமைதான் கூடுகின்றன. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால் வந்தது. ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே ஆலயங்கள் இடிந்து விழுந்தது அதனால்தான். உங்கள் நிரலை அந்தச் சபையில் ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைக்க இந்த ஒரு வரி போதும். பார்த்தும், வருகிறவர்கள் மனம் கோணக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

அப்பா நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பணமா ஆளா என்பதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அந்தச் சபை உங்களிடம் என்ன கேட்டது? உங்கள் கடிதத்தில் அது எங்குமே இல்லை.

நேபாளச் சபையின் கதை நமக்குப் பழக்கமான மிஷனரி கதை அல்ல. 1951 வரை அந்த நாட்டுக் கதவு வெளியாருக்கு அடைத்தே இருந்தது. 1954இல் பல நாட்டு மிஷன்கள் சேர்ந்து உள்ளே போனபோதும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் நடத்தலாம், மதம் மாற்றக் கூடாது என்பதுதான் அரசோடு ஒப்பந்தம். சபையை நட்டவர்கள் டார்ஜிலிங், காலிம்போங் பக்கத்திலிருந்து போன நேபாளிகள். போக்கராவில் ராம்காட் சபை அப்படி வந்தது. மதம் மாறினாலும் ஞானஸ்நானம் கொடுத்தாலும் சிறை என்றிருந்த காலம் அது. 1961 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே கிறிஸ்தவர்கள் 458 பேர். 2021 கணக்கில் 5,12,313 பேர். நாம் யாரும் பெயின்ட் டப்பாவோடு போகாமலே இது நடந்தது. அவர்களுக்கு எழுப்புதல் கூட்டம் நடத்த லிங்கராஜபுரத்திலிருந்து ஆள் போவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக வந்தது.

நானும் சிரிப்புக்கு இடமானவன்தான். பல வருடங்களுக்கு முன் இங்கிருந்து ஒரு குழுவோடு இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்துச் சபைக்குப் போனேன். தகரக் கூரை, மண்தரை, நாற்பது பேர். பாட்டுக்கு ஒரு பையன் டோலக் வாசித்தான், அருமையாக வாசித்தான். நாங்கள் மனம் உருகி ஒரு கீபோர்டும் ஒலிபெருக்கிச் செட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வருடம் கழித்து மறுபடி போனால், கீபோர்டு பீடத்துக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்படி ஒரு வாத்தியம் இருக்கும்போது டோலக் எதற்கு என்று யாரோ சொல்ல, அந்தப் பையன் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். உபதேசியார் இதைப் புகாராகச் சொல்லவில்லை. தேநீர் ஆற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். கூரை ஒழுகுகிறது என்று முதல் தடவையே சொல்லியிருப்பாரே, நாங்கள் கேட்டிருந்தால்.

இத்தனைக்கும் வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்பது திருநெல்வேலிக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706. ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733. இருபத்தேழு வருடம்! அதற்குப் பிறகும் பணமும் முடிவும் வெகுகாலம் வெள்ளைக்காரர் கையில்தான். இதை முகத்துக்கு நேரே சொன்னவர் நம் வெள்ளாளன்விளை அசரியா. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதில், இத்தனையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் பலருக்கு அது ரசிக்கவில்லை. அவர் பேச்சாளர் மட்டுமல்ல. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்று கேட்டு, மறு வருடம் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க வைத்தார். நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம். பிறகு தானே தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்து அந்த மக்களோடு இருந்துவிட்டார்.

'நம் பணம்' என்றால் எங்கள் பாட்டி வீட்டில் அது ஒரு மண்பானை. உலையில் போடும் முன் அரிசியில் ஒரு பிடி அதற்குள் போகும். பஞ்ச வருடத்திலும் போகும். அந்தக் கைப்பிடி அரிசி காணிக்கையாகக் கோயிலுக்குப் போகிற அன்று பாட்டி நடக்கிற நடையே வேறு. அந்த மலைச் சபையிலும் ஒரு பாட்டி இருப்பாள். மூன்று நாள் வேலையில் சுவரை நாம் பளபளப்பாக்கிவிட்டால் அவள் பிடி அரிசிக்கு அப்புறம் என்ன மரியாதை?

சட்ட விஷயம் ஒன்று. இதில் விளையாட வேண்டாம். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளில் நாடுகடத்தல். பிள்ளைகள் கூட்டமும் எழுப்புதல் கூட்டமும் யார் கண்ணுக்கு எப்படிப் படும் என்று உங்களுக்குத் தெரியாது, அந்தப் போதகருக்குத் தெரியும். பத்தாம் நாள் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். முகநூலில் நீங்கள் போட்ட வீடியோவுக்குக் காவல் நிலையத்தில் பதில் சொல்லப் போகிறவர் அவர்.

உங்கள் போதகர் சொன்னதற்கு நீளமாகப் பதில் வேண்டாம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது, அதைக் கொண்டுபோக ஆட்களைச் சபைகளே தெரிந்தெடுக்க வைத்தார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று அவரே எழுதுகிறார். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவென்றால் அப்போஸ்தலனுக்கும் அந்தக் குறை இருந்தது.

அப்படியானால் போகவே வேண்டாமா? போங்கள். பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஒருவர் வயதில் மூத்தவராக இருக்கட்டும். பாட்டும் பிரசங்கமும் தயார் செய்யாமல் போய், அவர்கள் வீட்டில் தங்கி, போட்ட தால்பாத்தைச் சாப்பிட்டு, சனிக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மிச்சக் காசை என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். ஒருவேளை வர்ணமே கேட்கலாம்! போதகர் ஒருவரை இறையியல் படிக்க வைக்கக் கேட்கலாம். பெங்களூரு கல்லூரிகளில் நேபாளத்து மாணவர்கள் இருக்கிறார்கள். காசே வேண்டாம், வந்துபோய் இருங்கள் போதும் என்றும் சொல்லலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

அதற்கு முன் இங்கேயே ஒரு வேலை. உங்கள் அடுக்ககத்து வாசலில் இரவுக் காவலுக்கு நிற்பவர் நேபாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஊரில் நேபாளிச் சபைகள் உண்டு. வேலை முறைக்குத் தோதாக, ஞாயிறு மதியத்தில் யாருடைய மண்டபத்திலாவது கூடுவார்கள். அப்படி ஒரு சபையைத் தேடிப் போய் அதன் மூப்பரிடம் உங்கள் நிரலைக் காட்டுங்கள். என்னைவிட நன்றாகத் திருத்துவார். அந்த மலைச் சபையின் போதகரையும் ஒருமுறை இங்கே வரவழைத்து உங்கள் பிரசங்க பீடத்தில் நிறுத்துங்கள். அவர் பேச, நீங்கள் பன்னிரண்டு பேரும் கேட்கலாம். ஆறரை லட்சம் ஆகாது.

டிக்கெட் எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் இந்த வாரம் எடுக்காதீர்கள். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.