கமோடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு கோடிக்கு மேல் விற்றதே, பிறகு அந்தக் கம்பெனி ஏன் திவாலானது?

கமோடோரைத் தூக்கிவிட்ட விலைக்குறைப்பு வெறிதான் பிறகு அதன் காலையும் வாரியது என்பது என் கருத்து.

நிறுவனர் ஜாக் டிராமியல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். அமெரிக்காவில் டைப்ரைட்டர் பழுது பார்த்து, அப்புறம் கால்குலேட்டர் வியாபாரத்துக்கு வந்தார். அவருக்கு சிப் விற்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1970களின் நடுவில் தானே கால்குலேட்டரை அடிமாட்டு விலைக்கு விற்க ஆரம்பித்தது. இனி சிப்புக்காக யாரிடமும் கையேந்தக் கூடாது என்று, 1976இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியையே டிராமியல் வாங்கிவிட்டார். ஆப்பிள் 2க்குள் இருந்த 6502 பிராசஸர் அவர்கள் வடிவமைத்ததுதான்.

1982இல் கமோடோர் 64 வந்தது, விலை 595 டாலர். எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரை இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே ஓட்டிக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பாருங்கள்: நீலத் திரையில் "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்று காட்டிவிட்டு கர்சர் சிமிட்டும். அதன் சிட் என்ற ஒலி சிப்பில் இருப்பது மூன்றே குரல்கள். ஒரு குரலிலேயே மூன்று ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசிக்கவிட்டால், காதுக்கு அவை சேர்ந்து ஒலிப்பதுபோல் கேட்கும். அந்த இசைக்கு நான் இன்றும் அடிமை.

சிப் சொந்தத் தயாரிப்பு என்பதால் 1983இலேயே விலையை 200 டாலர் அளவுக்கு இறக்க முடிந்தது. அந்த அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டரையே கைவிட்டது. பழைய கணக்கு தீர்ந்தது. ஆனால் பொம்மையும் சட்டையும் விற்கும் பெரிய கடைகளில் 64ஐ அடுக்கியதால், கூடுதல் விலைக்கு வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் டீலர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1984 ஜனவரியில், பெரிய பங்குதாரர் இர்விங் கூல்டோடு மோதி டிராமியல் வெளியேறினார்.

அடுத்த வருடம் கமோடோரின் புதுக் கம்ப்யூட்டர் அமிகா வந்தது. 4096 நிறங்கள், ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள். அன்றைய ஐபிஎம் பிசி அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. என் ஆதங்கமெல்லாம் இங்கேதான். 1,295 டாலர் மெஷினைப் பொம்மைக் கடையில் விற்க முடியாது. விற்கத் தெரிந்த டீலர்களுக்கோ கமோடோர் மேல் நம்பிக்கை போயிருந்தது. ஐரோப்பாவில் அமிகா 500 நன்றாகவே ஓடியது. அந்தப் பணம் அடுத்த தலைமுறை சிப்புக்குப் போயிருக்க வேண்டும், போதுமான அளவு போகவில்லை. கிராபிக்ஸில் பெரிய முன்னேற்றம் வர 1992 ஆனது. அதற்குள் பிசியில் விஜிஏ என்ற கிராபிக்ஸ் வசதியும் சவுண்ட் கார்டும் வந்துவிட்டன. 1994 ஏப்ரலில் கடையை மூடினார்கள்.

டிராமியல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்பார்கள். நான் நம்பவில்லை. அவர் பிறகு வாங்கிய அட்டாரி என்ற கம்ப்யூட்டர், வீடியோ கேம் கம்பெனியிலும் மலிவு விலையையே பெரிய ஆயுதமாக வைத்து எஸ்டி கம்ப்யூட்டரை விற்றார். 1996இல் அந்தக் கம்பெனியும் ஜேடிஎஸ் என்ற ஹார்ட் டிஸ்க் நிறுவனத்தோடு இணைந்து காணாமல் போனது.