சுக்காவின் மின்சாரம்

ஐயா, வணக்கம்.

பூட்டான் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில், "அக்கம்பக்கத்தில் நமக்கு இதைவிட நெருங்கிய நண்பன் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நான் மின்வாரியத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தவன், அதில் 9 ஆண்டு நீலகிரியின் குந்தா மின்திட்டத்தில். எனக்கு இது பிடிபடவில்லை. நாம் கடன் கொடுத்து அணை கட்டித் தருகிறோம். அவர்கள் மின்சாரம் விற்கிறார்கள், நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். வெறும் கொடுக்கல் வாங்கல்தானே இது? எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு நம்மை விட்டால் எங்கே போகும்? பெரியவன் பக்கத்தில் சின்னவன் ஒண்டி நிற்பதை நட்பு என்று சொல்லலாமா?

அடுத்த ஆண்டு நண்பர்கள் நால்வர் பூட்டான் போகலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் நல்லது என்றும் எழுதுங்கள்.

ரா.கி., மேட்டுப்பாளையம்

அன்புள்ள ரா.கி. அவர்களுக்கு,

கொடுக்கல் வாங்கல் என்று சொல்லிவிட்டீர்கள். அந்தக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பூட்டானின் வாங்சூ ஆற்றில் சுக்கா மின்நிலையத்துக்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டது 1974இல். 84 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 336 மெகாவாட். செலவில் 60 விழுக்காட்டை இந்தியா திரும்பக் கேட்காத மானியமாகக் கொடுத்தது. மீதி 40 விழுக்காடு கடன், வட்டி 5 விழுக்காடு. 1986க்கும் 1988க்கும் இடையில் நான்கும் ஓடத் தொடங்கின. பூட்டானின் தேவை போக மிச்சமான மின்சாரம் மேற்கு வங்கத்தின் பீர்பாராவுக்கு வந்தது. அந்த வருமானம்தான் பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் மலைக்கிராமங்களுக்கு ஏறிப் போனது. நீங்கள் வேலை பார்த்த குந்தாவும், கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின்கீழ் கனடா செய்த உதவியில் எழுந்ததுதானே? கனடா அங்கிருந்து ஒரு யூனிட்கூடக் கொண்டுபோகவில்லையே என்பீர்கள். சரிதான், சுக்காவில் நாமும் பலன் அடைந்தோம். அதில் எனக்குக் குறையாக எதுவும் தெரியவில்லை. உறவில் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியட்டும். நிபந்தனையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். வெறும் வியாபாரி பாதிப் பணத்துக்கும் மேலே சும்மா கொடுத்துவிட்டு வர மாட்டான்.

சுக்காவுக்கு முன்னால் சாலை வந்தது. 1958 செப்டம்பரில் நேரு, மகள் இந்திராவுடன் பாரோவுக்குப் போனபோது பூட்டானுக்குள் மோட்டார் சாலையே இல்லை. சிக்கிம் வழியாக நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கி, குதிரையிலும் நடந்தும் போய்ச் சேர்ந்தார். அங்கே கூடிய மக்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் சுதந்திர நாடாகவே இருக்க வேண்டும், உங்கள் பாதையை நீங்களே தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் அந்தச் சொல்லை நம்பினார். 1961இல் பூட்டானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் முழுக்க இந்தியப் பணத்தில் தொடங்கியது. அதே ஆண்டு நம் எல்லைச் சாலை அமைப்பின் 'தந்தக்' பிரிவு எல்லை ஊரான ஃபுன்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு மலையை வெட்டத் தொடங்கியது. நம் ஆட்கள் பலர் அந்த மலைச்சரிவுகளில் உயிரை விட்டார்கள்.

அந்தச் சாலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வழியில் தந்தக் நடத்தும் கேன்டீன் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். வெளியே பனிமூட்டம். பக்கத்து மேசையில் 'கோ' என்ற பூட்டான் அங்கி அணிந்த பெரியவர் ஒருவர், மருமகள், இரண்டு பிள்ளைகள். நால்வர் முன்னாலும் மசால் தோசை. சின்னவள் தோசையின் முறுகலை மட்டும் ஒடித்துத் தின்றுவிட்டு உருளைக்கிழங்கைத் தாத்தா தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பெரியவர் இந்தியில் கேட்டார். சொன்னேன். "இது உங்கள் ஊர்ச் சாப்பாடுதானே?" என்று தட்டைக் காட்டிச் சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாலை போட வந்தவர்களோடு தோசைக்கல்லும் மலை ஏறிவிட்டிருந்தது.

ஃபுன்ஷோலிங் கடைகளிலும் அப்படித்தான். கல்லாப்பெட்டியின் ஒரே அறையில் நம் ரூபாயும் அவர்கள் நுல்ட்ரமும் கலந்து கிடக்கும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. எல்லை வாசலைத் தாண்டி நம் பக்கம் ஜெய்கானில் டீ குடித்தால் மிச்சச் சில்லறை நுல்ட்ரமாக வரும்.

அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். 1990களில் அசாமின் உல்ஃபா, போடோலாந்து முன்னணி, வட வங்கத்தின் காமதாபூர் அமைப்பு ஆகிய ஆயுதக் குழுக்கள் தெற்குப் பூட்டானின் காடுகளில் முகாம் போட்டிருந்தன. பூட்டான் அரசு வருடக்கணக்கில் அவர்களிடம் பேசிப் பார்த்தது, போகவில்லை. 1860களில் ஆங்கிலேயரோடு நடந்த துவார் போருக்குப் பிறகு வெளியாரோடு பெரிய போர் எதையும் நடத்தாத நாடு அது. படையில் சில ஆயிரம் பேர்தான். 2003 டிசம்பர் 15 அன்று நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் தானே முன்னின்று அந்தப் படையை நடத்தினார். 30 முகாம்களையும் அழித்துக் காட்டினார்கள். ஒண்டி நிற்கிறவன் செய்கிற காரியமா இது? தன் மகனைக் களத்துக்கு அனுப்பிய வீடுகள் அங்கே உண்டு. நம் பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நீங்கள் சொன்ன 'ஒண்டி' நிற்பது பற்றியும் சொல்கிறேன். 1949ஆம் ஆண்டு இந்திய-பூட்டான் ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, வெளியுறவில் பூட்டான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கும் என்றது. 2007இல் அந்த வரியை எடுத்துவிட்டு, தேச நலன்களில் இருவரும் நெருங்கி ஒத்துழைப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பெரியவன் தன் பிடியைத் தானே தளர்த்தியது அது. பெருமைப்பட வேண்டிய காரியம்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013 ஜூலை முதல் தேதி, பூட்டானில் பொதுத்தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த சலுகை விலையை நம் அரசு நிறுத்தியது. ஐந்தாண்டுத் திட்டக்காலம் முடிந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். சிலிண்டர் விலை எகிறியது. ஆட்சியும் மாறியது. அடுத்த மாதமே சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் அடுப்பில் கைவைத்தது அங்கே பெண்களின் மனதில் நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேசும்போது என்னைக் கடிந்துகொள்ளாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அது பிழை.

மின்திட்டங்களின் நிபந்தனையும் மாறிவிட்டது. 2006-07இல் முடிந்த 1,020 மெகாவாட் தாலா வரைக்கும் அதே 60 மானியம், 40 கடன். 2019இல் தொடங்கிவைத்த 720 மெகாவாட் மாங்தேசூவில் மானியம் 30, கடன் 70, வட்டி 10 விழுக்காடு. 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ முதல் திட்டம் 2008இல் ஆரம்பித்தது. 2013இல் அணையின் வலதுகரை சரிந்ததும் வேலை இழுத்துக்கொண்டே போனது, மதிப்பீடு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. நீங்கள் அணைக்கட்டுகளைப் பார்த்தவர். பாறை சரிந்தால் யார் பொறுப்பு என்று தெரியும். ஆனால் வட்டி ஓடுவது சின்ன நாட்டின் தலையில். உறவைப் பலப்படுத்துவதாக விமான நிலையத்தில் பூங்கொத்து கொடுப்பதற்கு முன்னால், டெல்லி இந்த வட்டியைக் குறைத்து மானியத்தைக் கூட்ட வேண்டும் என்று நான் கேட்பேன். அசாமின் கோக்ராஜாரிலிருந்து பூட்டானின் கெலெபுவுக்கு 69 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்போகிறார்கள், மனதார வரவேற்கிறேன். கூடவே பழைய கடனையும் பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் தெற்குப் பூட்டான் மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்து, நம் நிலத்தின் வழியாகவே நேபாள முகாம்களுக்குப் போனார்கள். அன்று இந்தியா வாய் திறக்கவில்லை. நண்பனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டோம். அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் பயணம். விமானம் வேண்டாம், ஃபுன்ஷோலிங் வழியாகச் சாலையில் போங்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இந்தியருக்கும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் வைத்திருக்கிறார்கள், முணுமுணுக்காமல் கட்டுங்கள், அது அவர்கள் நாடு. மலை தெளிவாகத் தெரிய அக்டோபர், நவம்பர் நல்லது. ஆனால் மின்வாரியக்காரரான உங்களை ஜனவரியில் போகச் சொல்வேன். சுக்காவில் மின்நிலையம் மலைக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்க முடியாது. அணைப்பக்கம் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பாருங்கள். தேக்கிவைக்கப் பெரிய நீர்த்தேக்கம் இல்லாததால் குளிர்காலத்தில் தண்ணீர் சுண்டிப்போய் இயந்திரங்கள் அரைகுறையாகத்தான் ஓடும். அந்த மாதங்களில் நம் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கத்துக்கு மின்சாரம் போகிறது.