கெடுத்தது தெருவுக்கு வந்த கூட்டமா?

கேள்வி: 2011-இல் அரபு நாட்டு மக்கள் எழுந்ததை 'அரபு வசந்தம்' என்று உலகமே கொண்டாடியது. இன்று எகிப்தில் பழையபடி ராணுவத்தின் பிடி. லிபியா இரண்டு துண்டு. ஏமன், சூடான் எல்லாம் சுடுகாடு. முகநூலைப் பார்த்து ஆவேசப்பட்டுத் தெருவுக்கு வந்த கூட்டம் தன் நாட்டைத் தானே கெடுத்துக்கொண்டது என்பதுதானே உண்மை? சவூதியில் பல வருடம் வேலை பார்க்கும் என் நண்பர், "அந்த ஜனங்களுக்கு இரும்புக்கரம்தான் சரிப்படும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. நீங்கள் அடுக்கியிருக்கும் அழிவுகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. எகிப்தில் இன்று நடப்பது, 2011-இல் மக்கள் எழுந்து இறக்கிய அதிபர் முபாரக்கின் காலத்தைவிடக் கொடிய ஆட்சி. ஆனால் இடிந்து கிடக்கும் வீட்டைக் காட்டி, கதவைத் தட்டியவன்தான் இடித்தான் என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். உள்ளே இருந்தவன் என்ன செய்தான் என்று கேட்கவே இல்லை.

முதலில் அந்த முகநூல் கதையை முடித்துவிடுவோம். எல்லாம் தொடங்கியது துனிசியாவில். 2010 டிசம்பர் 17 அன்று துனிசியாவின் சிதி பூசித் ஊரில் தீக்குளித்த முகமது பூவசீசி, தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றவர். வேலை கிடைக்காத பட்டதாரி என்று அப்போது உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அது தவறு; அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவருடைய தராசையும் சரக்கையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். முறையிடப் போன ஆளுநர் அலுவலகத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த வாசலுக்கு முன்னால்தான் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4 அன்று இறந்தார். அடுத்த பத்தாவது நாள், நாடெங்கும் எழுந்த போராட்டத்தில், துனிசியாவை 23 வருடம் ஆண்ட பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 2008-இல் அதே துனிசியாவின் கஃப்சா சுரங்கப் பகுதியில், பாஸ்பேட் கம்பெனி ஆளெடுப்பில் மோசடி என்று கிளம்பிய போராட்டம் ஆறு மாதம் நீடித்தது. சுரங்கத்தில் கணவனை இழந்த பெண்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து பாஸ்பேட் ரயிலை மறித்தார்கள். எகிப்தில் அதற்கும் முன்னால், 2006 டிசம்பரில், மஹல்லா நகரத்து அரசு நூற்பாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. இரண்டு மாதச் சம்பளம் போனஸ் என்று பிரதமர் கொடுத்த வாக்குறுதி காற்றில் போயிருந்தது. முதலில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் தையல் பிரிவுப் பெண்கள். அடுத்த பிரிவுக்குள் போய், "ஆண்கள் எங்கே? பெண்கள் இங்கே!" என்று கோஷமிட்டார்கள். 20,000 பேருக்கு மேல் திரண்டார்கள். நாலு நாளில் அரசு இறங்கிவந்தது. அடுத்த நான்கு வருடம் எகிப்து முழுக்க அந்தப் பொறி அணையவே இல்லை. இந்தப் பெண்களில் எத்தனை பேர் கையில் அன்று முகநூல் இருந்திருக்கும்?

இன்னொன்றையும் பாருங்கள். 2011 ஜனவரி 28 அன்று முபாரக் அரசு இணையத்தை அறுத்துப்போட்டது, கைப்பேசிகளையும் முடக்கியது. கெய்ரோவின் கஸ்ர் அல் நீல் பாலத்தில் தண்ணீர் பீரங்கியையும் கண்ணீர்ப்புகையையும் தள்ளிக்கொண்டு கூட்டம் தஹ்ரீர் சதுக்கத்தைப் பிடித்தது அந்த நாளில்தான். மகனைத் தேடி வெளியே வந்த அப்பாவும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பிப்ரவரி இரண்டாம் வாரம் சூயஸ் கால்வாய் நிறுவனத் தொழிலாளர்களும் பஸ் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி முபாரக் போனார்.

அவர்கள் கேட்டது என்ன? "அய்ஷ், ஹுர்ரியா, சமூக நீதி." அய்ஷ் என்றால் எகிப்தியர் பேச்சில் ரொட்டி, அரபியில் அதே சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள். ஹுர்ரியா என்றால் விடுதலை. வசந்தம் என்பது வெளியூர்ப் பத்திரிகைகள் வைத்த பெயர். துனிசியர்கள் சொல்வது 'கராமா'வுக்கான புரட்சி. அந்தச் சொல்லுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. நம்மிடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: சுயமரியாதை.

இப்போது இரும்புக்கரத்துக்கு வருவோம். லிபியாவில் 42 வருடம் கடாபியின் கரம் இருந்தது. கட்சி கூடாது. சுதந்திரமான தொழிற்சங்கம் கூடாது. அரசியல் சாசனம் கிடையாது. அப்படி எல்லாவற்றையும் நசுக்கி வைத்துவிட்டு ஆள் விழுந்தால், மிஞ்சுவது துப்பாக்கி வைத்திருப்பவன் மட்டுமே. அதன்மேல் நேட்டோ குண்டு போட்டது. மக்களைக் காக்க என்று வந்தவர்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்காமலே போய்விட்டார்கள். அந்தக் குற்றத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

துனிசியாவில் ஏன் அப்படி ஆகவில்லை? அங்கே 1946-இலிருந்து யூஜிடிடி என்ற தொழிற்சங்கம் இருந்தது. தலைமை பல காலம் ஆட்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், சின்ன ஊர்களில்கூட அதற்கு அலுவலகமும் சண்டைபோடத் தெரிந்த உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். ராணுவம் சிறியது, வியாபாரத்தில் கைவைக்காதது. 2013-இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இரண்டு பேர் சுட்டுக்கொல்லப்பட்டு நாடு உடையும் நிலைக்குப் போனபோது, அந்தச் சங்கமும் முதலாளிகள் சங்கமும் வழக்கறிஞர்களும் மனித உரிமைக் கழகமும் சேர்ந்து எல்லாக் கட்சிகளையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தன. 2015 நோபல் அமைதிப் பரிசு அதற்குத்தான். பிறகு 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார். இன்று எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். இதில் பத்து வருடம் ஆண்ட ஜனநாயகக் கட்சிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. தலைநகரில் பதவியைப் பங்குபோட்டார்கள். சிதி பூசித் இளைஞனுக்கு வேலை கொடுக்கவில்லை. நாடாளுமன்றத்தைப் பூட்டியபோது பல பேர் தெருவில் கைதட்டியது அதனால்தான்.

எகிப்துக் கதை வேறு. அங்கே ராணுவம் நாட்டைக் காக்கும் படை மட்டுமல்ல, பெரிய முதலாளியும்கூட. மக்ரோனியிலிருந்து பெட்ரோல் பங்க் வரை அதன் தொழில். அமெரிக்கா வருடந்தோறும் 130 கோடி டாலர் ராணுவ உதவி கொடுக்கிறது. முபாரக்கைக் கைகழுவியது அந்த ராணுவம்தான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. 2012-இல் மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்த முர்சி பெரிய தவறுகள் செய்தார்; நீதிமன்றங்கள் தன்னைக் கேள்வி கேட்க முடியாது என்று அவரே நவம்பரில் ஆணை போட்டுக்கொண்டது மன்னிக்க முடியாதது. ஆனால் அதற்கு மருந்து அடுத்த தேர்தல். 2013 ஜூலையில் ராணுவம் அவரைக் கவிழ்த்தபோது கைதட்டிய தாராளவாதிகள், பிற்பாடு தாங்களும் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் முர்சி ஆதரவாளர்களைச் சுட்டுக் கலைத்தார்கள். ஒரே நாளில் குறைந்தது 817 பேர் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில நாளிலேயே புதிய அரசுக்குச் சவூதியும் அமீரகமும் குவைத்தும் அறிவித்த தொகை 1,200 கோடி டாலர். இவ்வளவு பணமும் துப்பாக்கியும் எதிரே நிற்கும்போது, தோற்றவனைப் பார்த்து உனக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்பது நியாயமா?

உங்கள் நண்பர் இருக்கும் நாட்டைப் பற்றியே சொல்கிறேன். 2011 பிப்ரவரி 14 அன்று பக்கத்து நாடான பஹ்ரைனில் மக்கள் எழுந்தார்கள்; மறுநாள் முத்துச் சதுக்கத்தில் கூடினார்கள். ஒரு மாதம் கழித்துச் சவூதிப் படை கடல்பாலத்தைத் தாண்டி உள்ளே வந்தது. பஹ்ரைன் ஆட்சியாளர்கள் கூட்டத்தைக் கலைத்தார்கள், பிறகு அந்தச் சதுக்கத்தின் நடுவே நின்ற முத்துத் தூணையே இடித்தார்கள். தூண் படம் போட்ட 500 ஃபில்ஸ் நாணயத்தைக்கூடப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இடிக்கும்போது கான்கிரீட் விழுந்து கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். உங்கள் நண்பரைப்போலப் பிழைக்கப் போனவர். இரும்புக்கரம் யார்மேல் விழும் என்று அந்தக் கரத்துக்கே தெரியாது.

சிரியா: 2011-இல் தராவில் சுவரில் எழுதிய பள்ளிப் பையன்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததில் அது தொடங்கியது. அசாத் குடும்பம் 54 வருடம் ஆண்டது. கடைசிப் பதின்மூன்று வருடம் நகரங்களைத் தரைமட்டமாக்கித்தான் ஆண்டது. 2024 டிசம்பர் 8 அன்று அதிபர் பஷார் அசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். இனி வந்தவர்கள் எப்படி என்று இப்போதே சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் செத்த லட்சக்கணக்கான பேரின் கணக்கைச் சுவரில் எழுதிய பையன்மேல் எழுதாதீர்கள்.

அந்த மக்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் பொய். 2019-இல் அல்ஜீரியாவில் அதிபர் பூத்தஃப்லிக்கா பதவி விலகியதும் கூட்டம் வீடு திரும்பவில்லை. "எல்லோரும் போகட்டும்" என்று வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. சூடானில் 2018 டிசம்பரில் ரொட்டி விலை மூன்று மடங்கானபோது, அத்பரா என்ற ரயில்வே ஊரில் தொடங்கிய போராட்டம் அடுத்த ஏப்ரலில் அதிபர் பஷீரை இறக்கியது. கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். அவர்களுடைய ஒரு கோஷம்: "நஸ்ர், இல்லையேல் மஸ்ர்." வெற்றி, இல்லாவிட்டால் எகிப்து. ராணுவத்தை நம்பி வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று பக்கத்து நாட்டைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஜூன் 3 அன்று அவர்களைச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சில உடல்கள் நைலில் மிதந்தன. 2021-இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2023 ஏப்ரல் 15 முதல், அன்று சேர்ந்து ஆட்சியைப் பிடித்த இரண்டு தளபதிகளும் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக் கோடிக்கு மேற்பட்ட மக்களை வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறார்கள். இது மக்கள் கிளர்ச்சி தொடங்கிய போர் அல்ல. கிளர்ச்சியைக் கொன்றவர்கள் கொள்ளையைப் பங்குபோடுவதில் மோதிக்கொண்ட போர்.

போராட்டக் காலத்தில் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் அமைத்த எதிர்ப்புக் குழுக்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. போர் வந்ததும் அவர்களில் பலர் அவசர உதவிக் குழுக்களாக மாறினார்கள். உலக அமைப்புகளின் லாரி நுழைய முடியாத பேட்டைகளில் பெரிய அண்டாக்களில் பருப்பும் அவரையும் வேகவைத்து, பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு ஊற்றுகிறார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகிறார்கள். இதற்காக அவர்களை ராணுவமும் பிடித்துப்போகிறது, அதோடு மோதும் படையும் பிடித்துப்போகிறது. நாட்டைக் கெடுத்த கூட்டம் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது இவர்களைத்தான்.