கச்சான் பூஞ்சணமும் அப்பாவின் ஈரல் புற்றுநோயும்

கேள்வி: முள்ளியவளையில் கச்சான் செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா ஈரல் புற்றுநோயால் காலமாகி ஒரு வருடம். பூஞ்சணக் கச்சானின் நஞ்சு டிஎன்ஏயில் ஒட்டிக்கொள்ளும், அதை 'அடக்ட்' என்பார்கள் என்று கம்பஸில் படிக்கும் தம்பி சொல்கிறான். அப்பாவில் ஒட்டியது எனக்கும் பிள்ளைகளுக்கும் வந்திருக்குமா?

பதில்: தம்பி சொன்னது சரி. ஆனால் அப்பாவின் ஈரலில் ஒட்டியது அப்பாவோடு போய்விட்டது. அது பரம்பரையாக வராது.

பூஞ்சணம் விடும் நஞ்சின் பெயர் அஃப்ளாடொக்சின். ஈரல் அதை வெளியே தள்ளப் பார்க்கும்போது அதன் உரு மாறுகிறது. மாறிய உருதான் டிஎன்ஏயில் குவானின் என்ற எழுத்து இருக்கும் இடத்தில் ஒட்டுகிறது. வரம்பில் நடந்தால் சாரத்தில் நாயுருவி ஒட்டுமே, அப்படித்தான். ஒட்டியதில் பெரும்பகுதியைக் கலமே பிடுங்கி எறிந்துவிடும். பிடுங்குவதற்குள் கலம் பிரிந்தால் எழுத்துப் பிழை விழும். குவானின் இடத்தில் தைமின் என்ற வேறு எழுத்து வந்து உட்காரும். கலத்தின் கடிவாளமான பி53 மரபணுவில், 249ஆம் இடத்தில் இந்தப் பிழை விழுவது அஃப்ளாடொக்சினின் கைரேகை மாதிரி. ஈரல் கலத்தில் விழுந்த பிழை விந்துக்கோ முட்டைக்கோ போகாது.

பரம்பரையாக வருவது வேறொன்று: நஞ்சை முறிக்கும் திறன். அதற்கு உதவும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு கோடிக்கணக்கானோருக்குப் பிறப்பிலேயே இல்லை. அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதைச் சோதிக்கவென்று கொழும்புக்குக் காசு செலவழித்துப் போகாதீர்கள்.

அப்பாவுக்குக் கச்சானால்தான் வந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்து, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்ததா என்று பாருங்கள். 1994இல் வெளியான ஷாங்காய் ஆய்வொன்றில், நஞ்சு மட்டும் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கோ 59 மடங்கு! அப்பாவுக்கு வைரஸ் இருந்ததென்றால் அம்மா, நீங்கள், சகோதரங்கள் எல்லோரும் இரத்தம் சோதியுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போடலாம்.

அப்புறம் கச்சான். பிடுங்கியதைப் படங்கில் பரப்பி, குலுக்கினால் கோதுக்குள் பருப்பு சலசலக்கும் வரை காயவிடுங்கள். ஈரத்தோடு உரப்பையில் கட்டி நிலத்தில் போடாதீர்கள். சுருங்கியது, பச்சை படிந்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. 'வீணாக்குவானேன்' என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள். பால் வழியாக அது உங்கள் தேத்தண்ணிக்கே திரும்பி வரும்.